நிழலில் விளைந்த மாடுகள்

நம் வீடு, லுசிகிசிகி
14 செப்டம்பர் 1997

தோபேகா,

சித்தப்பா சாவுக்குப் போயிட்டு சனிக்கிழமை வந்துடறேன்னு சொல்லிட்டுப் போனவ நீ. எந்தச் சனிக்கிழமைன்னு நான் கேட்டிருக்கணும்.

நேத்து பிசானா பஸ் வந்து நின்னுது. டிரைவர் இறங்கக்கூட இல்ல, ஜன்னல் வழியா எட்டிப் பார்த்துக் கத்தறான்: "உங்க மாமனார் சொல்லச் சொன்னார். பரிச மாட்டுல பாதி இன்னும் வரலையாம். மீதி அஞ்சும் வர்ற வரைக்கும் பொண்ணு அங்கேதான் இருப்பாளாம்." பஸ்ஸுல இருந்த அத்தனை பேரும் என்னையே பார்த்தாங்க. கையில மண்ணெண்ணெய் டின்னோட மடையன் மாதிரி நின்னேன்.

உங்கப்பனுக்கு நேரம் பார்த்துக் கழுத்தைப் பிடிக்கத் தெரியும். சுரங்கத்துல என்னைக் கணக்குத் தீர்த்து அனுப்பி ரெண்டு மாசம் ஆகல. தங்கம் விலை விழுந்துடுச்சாம், ஆளுங்க அதிகமாம். பன்னெண்டு வருஷம் பூமிக்கடியில கிடந்தவனுக்கு ஒரு கம்பளியும் ஒரு கைகுலுக்கலும் குடுத்தாங்க. கம்பளியை உங்கப்பனுக்கு அனுப்பட்டுமா?

நீயும் இதுக்கு உடந்தையா? நேராச் சொல்லிடு.

நான் ஒரு முடிவு எடுத்துட்டேன். ஆத்துப் பள்ளத்துக் காட்டுல வருஷா வருஷம் நீ கொஞ்சமா கஞ்சா போடுவியே, அதை இந்த வருஷம் நான் போடறேன். பெருசாப் போடறேன். டர்பன்ல இருந்து வாங்க வர்றவனை எனக்கும் தெரியும். வித்து, மாடு பிடிச்சு, உங்கப்பன் வாசல்ல கொண்டுவந்து கட்டறேன். விதையை எங்க வச்சிருக்கே? வீடு முழுக்கக் கவிழ்த்துத் தேடியாச்சு. அம்மா கத்தறா.

போனிசிலே


அப்பா வீடு, பிசானா
2 அக்டோபர் 1997

கத்யேனி,

உங்க குலப் பேரைச் சொல்லித்தான் கூப்பிடறேன். கோபம் இருக்கு, மரியாதையும் இருக்கு.

முதல்ல ஒண்ணு. அந்தச் செடியோட பேரை இனிமே கடிதத்துல எழுதாதீங்க. கொண்டுவர்ற டிரைவருக்குப் படிக்கத் தெரியும், வாயும் இருக்கு. கீரைன்னு எழுதுங்க.

உடந்தையான்னு கேட்டிருக்கீங்க. நல்லாருக்கு. அப்பன் மகளை மறிச்சு வைக்கறப்போ மகளைக் கேட்டுக்கிட்டா வைக்கறான்? உங்கக்காவை உங்கப்பா இப்படித்தானே நிறுத்தி வச்சார்? அவங்க வீட்டுக்காரர் பனிக்காலம் முடியறதுக்குள்ள மாட்டோட வந்து நின்னார். அன்னிக்கு நீங்கதான் பட்டிக் கதவைத் திறந்து விட்டீங்க, சிரிச்சுக்கிட்டே. நீங்களே எனக்குச் சொன்ன கதை.

கல்யாணத்தப்போ அஞ்சு குடுத்தீங்க. மீதி அஞ்சு அடுத்த லீவுலன்னீங்க. லீவுக்கு லீவு ரேடியோ வந்துச்சு, தோல் ஜாக்கெட் வந்துச்சு, கூர் மூக்கு வச்ச ஷூ வந்துச்சு. மாடு மட்டும் வரவே இல்ல. அப்பா பொறுத்ததே அதிகம்.

இங்க என் நிலைமையைக் கேளுங்க. முப்பத்து மூணு வயசுல அப்பா வீட்டுத் தண்ணிக் குடத்தைத் தூக்கறேன். அண்ணன் பொண்டாட்டி எனக்குச் சோறு போடறப்போ மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுத்தான் போடறா. "வாங்கின சரக்கு பிடிக்கலையா, உன்னைத் திருப்பி அனுப்பிட்டாங்களே"ன்னு பக்கத்து வீட்டுக்காரிங்க கேக்கறாங்க. எனக்கு என் வீட்டுக்கு வரணும். என் பாயில படுக்கணும், என் அடுப்புல கஞ்சி வைக்கணும். அவ்வளவுதான் வேணும்.

விதை கூரைக்கடியில, சாம்பல் போட்ட பானையில இருக்கு. நான் சொல்றபடி போடுங்க. ஒரே இடத்துல போடாதீங்க. ஆடு போற போக்குல புழுக்கை போடற மாதிரி அங்கொண்ணு இங்கொண்ணு, பெரிய மரங்களுக்கு நடுவுல போடுங்க. நிழல்ல செடி நெட்டையா ஒல்லியாத்தான் வரும், பூ கம்மியாத்தான் பிடிக்கும். பிடிக்கட்டும். ஆண் செடி எதுன்னு தெரிஞ்சதும் இரக்கமே பார்க்காமப் பிடுங்கிடுங்க, இல்லேன்னா எல்லாம் விதையாப் போயிடும். மேல இருந்து பார்த்தா காடு காடாவே இருக்கணும். அதை மட்டும் மறக்காதீங்க.

தோபேகா


லுசிகிசிகி
20 நவம்பர் 1997

தோபேகா,

கீரை போட்டாச்சு. முளைச்சும் ஆச்சு. ஆனா நீ சொன்னபடி நிழல்ல நிக்கறதைப் பார்த்தா எனக்கு அழுகைதான் வருது. காசநோய் பிடிச்சவன் மாதிரி நெடுநெடுன்னு கழுத்தை நீட்டிக்கிட்டு நிக்குது. பள்ளத்துல பகல்லயே இருட்டு. அட்டை வேற. இந்தக் காட்டுலயா இத்தனை வருஷம் தனியா வந்து போனே?

சுரங்க விடுதியில என் கட்டிலுக்கு மேல் கட்டில்ல லெசோத்தோக்காரன் ஒருத்தன் இருந்தான். அவங்க ஊர்ல மலைச்சரிவுல பளீர் வெயில்ல போடுவாங்களாம். செடி ஆள் உசரம், பூ ஒவ்வொண்ணும் சேவல் வால் தண்டி இருக்குமாம். வெயில்தான் எல்லாம்னு சொல்வான். நீ பண்றது கைப்பிடிக் கீரை. உப்புக்கும் மண்ணெண்ணெய்க்கும் ஆகும். அதுல அஞ்சு மாடு எப்படி வரும்? ஆட்டுக்குட்டியோட காது வரும்.

அதனால பள்ளத்து நடுவுல இருக்கற பெரிய மரங்களைச் சாய்க்கப் போறேன். கோடாலியைத் தீட்டியாச்சு. செடி எல்லாத்தையும் நடுவுல கொண்டுவந்து வரிசையா நடப்போறேன். பன்னெண்டு வருஷம் இருட்டுல வேலை செஞ்சவன் நான். வெளிச்சத்தோட அருமையை எனக்கு நீ சொல்லித் தர வேண்டாம்.

அம்மா கேக்கறா, பிள்ளை பெறாதவளுக்கு எதுக்கு இன்னும் அஞ்சு மாடுன்னு. வாயை மூடுன்னு சொல்லிட்டேன். உனக்காக எவ்வளவு பேச்சு கேக்கறேன்னு உனக்குத் தெரியணும்னுதான் எழுதறேன்.

போனிசிலே


பிசானா
5 டிசம்பர் 1997

கத்யேனி,

மரத்துல கை வைக்காதீங்க.

பொம்பளைங்க எல்லாரும் எதுக்கு அட்டை கடிக்கிற இருட்டுப் பள்ளத்துல போய்ப் போடறோம்னு நினைச்சீங்க? வெயில்னா எங்களுக்கு அலர்ஜியா? அறுப்புக்கு முன்னாடி போலீஸ் ஹெலிகாப்டர் வரும். நீங்க ஒரு வருஷமாவது அந்த மாசத்துல வீட்டுல இருந்திருந்தா பார்த்திருப்பீங்க. ஆத்தோட போக்குலயே தாழப் பறந்து வரும். காட்டுல ஒரு ஓட்டை தெரிஞ்சாப் போதும், அவங்களுக்கு வேற அடையாளமே வேண்டாம். செடியைக் கருக்கற மருந்தைக் கொட்டிட்டுப் போய்க்கிட்டே இருப்பாங்க. அந்த மரங்கதான் நமக்குக் கூரை. கூரையைப் பிரிச்சுப் போட்டுட்டு அடியில வெளிச்சமா இருக்குன்னு சந்தோஷப்படாதீங்க.

ஒல்லியா இருந்தா இருக்கட்டும். அஞ்சு மாட்டுக்கு ரெண்டு வருஷம் ஆனா ஆகட்டும், ஒவ்வொண்ணாக் கொண்டாந்து விடுங்க. ஒண்ணு வந்தாலே அப்பா கொஞ்சம் இறங்குவார். அவர் மனசு எனக்குத் தெரியும்.

அத்தைகிட்ட நான் சொன்னேன்னு சொல்லுங்க: மகன் வருஷத்துல பதினோரு மாசம் குழிக்குள்ள இருந்தா பிள்ளை என்ன தபால்லயா வரும்?

இந்தக் கடிதத்தை உங்க கையிலதான் குடுக்கணும்னு டிரைவர்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கேன்.

தோபேகா


லுசிகிசிகி
27 பிப்ரவரி 1998

தோபேகா,

எல்லாம் போச்சு.

எப்படி எழுதறதுன்னு தெரியல. நீ அந்தச் செடிங்களைப் பார்த்திருக்கணும். மரம் விழுந்ததும் வெயில் உள்ள வந்துச்சு பாரு, ஒவ்வொரு செடியும் தோள் அகலமா விரிஞ்சுது. பள்ளத்துக்குள்ள இறங்கினாலே வாசனை மூக்கைத் துளைக்கும். தினம் போய் நடுவுல உக்காந்துப்பேன். இது ஒரு மாடு, இது ஒரு மாடுன்னு கைகாட்டிச் சொல்லிப்பேன்.

ரெண்டு வாரம் முன்னாடி செவ்வாய்க்கிழமை காலையில சத்தம் கேட்டுச்சு. ஆத்து மேலயே வந்தான். என் பள்ளத்துக்கு நேரா மேல வந்ததும் நின்னான், அப்படியே ஆகாசத்துல நின்னான். அப்புறம் மழை மாதிரி கொட்டினான். நான் புதர்ல குப்புறக் கிடந்தேன். அடுத்த வாரம் எல்லாம் சுருண்டு மஞ்சளாகி விழுந்துச்சு. காத்துல அடிச்சு நம்ம மக்காச்சோளமும் கருகிப்போச்சு. அம்மா பூசணிக் கொடியும் போச்சு. அவ இருமல் இன்னும் நிக்கல.

உன் கடிதம் லேட்டாத்தான் கைக்கு வந்துச்சு. அதுக்குள்ள மரத்தை வெட்டியாச்சு.

யாரோ காட்டிக் குடுத்திருக்காங்க. உங்கண்ணனோன்னு எனக்குச் சந்தேகம். நான் தோத்துப்போறதைப் பார்க்க அவனுக்கு ஆசை. உங்கப்பன்கிட்டச் சொல்லு, மாட்டுக்குப் பதிலா என்னையே பட்டியில கட்டிக்கட்டும். எனக்கு இனி வேற வழி இல்ல.

போனிசிலே


பிசானா
15 மார்ச் 1998

கத்யேனி,

யாரும் காட்டிக் குடுக்கல. நீங்க ஆகாசத்தைப் பார்த்துக் கதவைத் திறந்து வச்சீங்க, அவன் வந்துட்டான். எங்கண்ணனுக்கு உங்க காடு எந்தத் திசையில இருக்குன்னுகூடத் தெரியாது.

என் கடிதம் லேட்டா வந்துச்சா? கிறிஸ்துமஸுக்கு முன்னாடியே உங்க கையில குடுத்தேன்னு டிரைவர் சொல்றார். கல்லுல உக்காந்து கோடாலி தீட்டிக்கிட்டே படிச்சீங்களாம், படிச்சுட்டுப் பையில போட்டுக்கிட்டீங்களாம். சரி விடுங்க. பொய் சொல்றதுக்காவது என் மேல பயம் இருக்கேன்னு வச்சுக்கறேன்.

அத்தை இருமலுக்குத் தேன் குடுங்க. அவங்களைத் திட்டினாலும் எனக்குக் கவலையாத்தான் இருக்கு.

இப்ப நான் சொல்லப் போறதைப் படிச்சதும் கடிதத்தை அடுப்புல போட்டுடுங்க. நானும் இங்க கீரை போட்டிருக்கேன். உங்க முதல் கடிதம் வந்த வாரமே போட்டுட்டேன். நீங்க என் பேச்சைக் கேக்க மாட்டீங்கன்னு எனக்கு அப்பவே தெரியும். அப்பாவுக்குத் தெரியாது. விறகுக்குப் போறேன்னு கயித்தை எடுத்துக்கிட்டுப் போவேன், வர்றப்போ விறகும் கொண்டாருவேன். இங்கயும் ஹெலிகாப்டர் வந்துச்சு. என் தலைக்கு மேலதான் போச்சு. மரத்தடியில அசையாம நின்னேன், அது இலையைப் பார்த்துட்டுப் போயிடுச்சு. செடிங்க எல்லாம் ஒல்லிதான், உங்களுக்குப் பார்த்தா அழுகை வரும். ஆனா நிறைய இடத்துல இருக்கு, எல்லாம் உசிரோட இருக்கு. அட்டை கடிச்ச தழும்பை வந்தா காட்டறேன்.

ஈஸ்டர் முடிஞ்சு அறுத்துக் காயவச்சுடுவேன். எங்க பெரியப்பா மகன் சந்திலேக்கு வண்டி இருக்கு. கூரைப்புல் கட்டுக்கடியில வச்சு உங்ககிட்டக் கொண்டாருவான். நம்பிக்கையான ஆள். டர்பன்காரன்கிட்ட வித்து, ரெண்டு பேருமாச் சந்தைக்குப் போய் அஞ்சு மாடு பிடிங்க. உங்க ஆளுங்க ரெண்டு பேரை முன்னாடி நடக்க விட்டு, நீங்க சம்பாதிச்ச மாடா ஓட்டிக்கிட்டு வாங்க. அப்பா நாணயமான மனுஷன். எண்ணி வாங்கிக்கிட்டு அன்னிக்கே என்னை அனுப்பிடுவார்.

பொண்டாட்டி தன் பரிசத்தைத் தானே கட்டினான்னு வெளிய தெரிஞ்சா ஆம்பளைங்க கூடிக் குடிக்கிற எந்தப் பீர்க் குடத்துக்கிட்டயும் உங்களைச் சேர்க்க மாட்டாங்க. நான் செத்தாலும் சொல்ல மாட்டேன். நீங்க சந்திலே வாயை மட்டும் பார்த்துக்கோங்க.

சீக்கிரம் வாங்க.

தோபேகா


லுசிகிசிகி
18 மே 1998

என் தோபேகா,

உன்னை மாதிரி பொம்பளை இந்த உலகத்துல உண்டா! சந்திலே புல்லுக் கட்டைப் பிரிச்சப்போ வாசனை வீடு பூரா நிறைஞ்சுது. டர்பன்காரன் மூக்குகிட்ட வச்சுப் பார்த்துட்டு, "இது காட்டுக்குள்ள வளர்ந்தது, கூட்டாளி"ன்னான். "ஆமாம், தெரிஞ்ச கைல வளர்ந்தது"ன்னேன்.

சந்தையில அஞ்சு மாடு பிடிச்சோம். இரு, ஒவ்வொண்ணாச் சொல்றேன். ஒண்ணு சிவப்பு, விலாவுல வெள்ளையா மாவு தூவின மாதிரி. ஒண்ணு கன்னங்கரேல்னு, வயிறு மட்டும் வெள்ளை. ஒண்ணுக்கு ஒரு கொம்பு கீழ வளைஞ்சு கன்னத்தைத் தொடும், ரொம்ப சாது. நாலாவது பழுப்பு. கடைசியா ஒண்ணு, உடம்பெல்லாம் காடை முட்டை மாதிரி புள்ளி, நடக்கறதே ராணி மாதிரிதான்.

நேரா உங்கப்பா வீட்டுக்கு ஓட்டலாம்னுதான் கிளம்பினேன். தூரம் அதிகம், களைச்சுப் போயிருந்துதுங்க. ரெண்டு நாள் நம்ம பட்டியில நிக்கட்டும்னு விட்டேன். தோபேகா, எங்கப்பா போனதுக்கப்புறம் அந்தப் பட்டியில புல்லுதான் முளைச்சிருந்துச்சு, உனக்குத் தெரியும். சாணி வாசனை வந்ததும் அம்மா வாசல்லயே உக்காந்து அழுதுட்டா. மறுநாள் காலையில பெரியவங்க எல்லாம் வந்து பட்டிக் கதவுகிட்ட உக்காந்தாங்க. கூப்பிடாமலே வந்தாங்க! இத்தனை நாள் என்னைச் சுரங்கத்துல இருந்து துரத்தப்பட்டவன்னு பேசினவங்க, என் பாட்டன் பூட்டன் பேரெல்லாம் சொல்லிக் கூப்பிட்டாங்க.

ரெண்டு மாடு சினையா இருக்கு. இப்ப ஓட்டினா வழியில தாங்காது. கன்னு போடட்டும், உடனே கொண்டாறேன். கொஞ்சம் பொறுத்துக்கோ.

உன் போனிசிலே


பிசானா
6 ஜூன் 1998

கத்யேனி,

மாட்டை ஓட்டிக்கிட்டு வாங்க.

சினை மாடு நடக்கும். நம்ம ஊர்ல சினையாத்தான் பாதி மாடு பரிசமாப் போகுது. புள்ளி மாடு ராணி மாதிரி நடக்குதுன்னு எழுதியிருக்கீங்களே, அப்ப இங்க வரைக்கும் நடக்கட்டும்.

சந்திலே வந்து மாட்டைப் பத்திச் சொன்னதுல இருந்து நான் வாசல்ல நிக்கறேன். மலைப்பாதையில தூசி எழும்பினா நீங்கதான்னு நினைக்கறேன். நேத்து யாரோட ஆடோ வந்துச்சு. "யாரைப் பார்க்கறே?"ன்னு அண்ணன் பொண்டாட்டி கேட்டா. "யாரையும் இல்ல"ன்னேன்.

அந்த மாடுங்க நம்ம பட்டிக்கு வாங்கினது இல்ல. என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக வாங்கினது. வாங்க.

தோபேகா


லுசிகிசிகி
12 ஜூலை 1998

தோபேகா,

நீ அவசரப்படறே. பனிக்காலத்துல வழியில புல்லே இல்ல. இளைச்சுப் போன மாட்டைக் கொண்டுவந்து நிறுத்தினா உங்கப்பா என்னைப் பத்தி என்ன நினைப்பார்?

நான் நல்லா யோசிச்சுத்தான் எழுதறேன், நிதானமாப் படி. கன்னு போட்டதும் கன்னுங்களை உங்கப்பாவுக்குக் குடுத்துடலாம். கன்னும் மாடுதானே? தாய்ங்க நம்ம பட்டியிலயே நிக்கட்டும். அடுத்த வருஷம் இன்னும் கன்னு வரும், அதையும் குடுப்போம். கடனும் தீரும், பட்டியும் காலியாகாது.

இன்னொண்ணும் தோணிச்சு. நீ இருக்கற காடு நல்ல காடு. ஹெலிகாப்டருக்கே தெரியாத காடு. உன் கைராசியும் சேர்ந்திருக்கு. எப்படியும் அங்கதானே இருக்கே, இந்த வருஷமும் கீரை போட்டுடேன். இன்னொரு வருஷம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன்னா நம்ம பட்டியில பத்து மாடு நிக்கும். அப்புறம் நீ தலை நிமிர்ந்து வரலாம். ஊர்த்தலைவரே இப்ப என்னைப் பக்கத்துல உக்கார வைக்கிறார். இது எல்லாம் உனக்கும் பெருமைதானே?

வளைஞ்ச கொம்புக்கு உன் பேர் வச்சிருக்கேன். சொன்னாக் கேக்கும், சாது.

உன் போனிசிலே


பிசானா
3 ஆகஸ்ட் 1998

போனிசிலே,

குலப் பேரை விட்டுட்டேன். இனி பேரைச் சொல்லியே எழுதறேன், நீன்னே எழுதறேன்.

உன் கடிதத்தை அடுப்புகிட்ட உக்காந்து படிச்சேன். இன்னொரு வருஷம் அங்கேயே இருங்கற இடத்துக்கு வந்ததும் கஞ்சி கிண்டறதை நிறுத்திட்டேன். வாய் விட்டு அழுதேன். எப்பவும் மூஞ்சியைத் திருப்பறாளே அண்ணன் பொண்டாட்டி, அவ வந்து பக்கத்துல உக்காந்தா. என் கையில இருந்த கரண்டியை வாங்கி அவளே கஞ்சியைக் கிண்டினா.

அப்புறம் அப்பாகிட்டப் போய் எல்லாத்தையும் சொன்னேன். காடு, விறகுக் கயிறு, சந்திலே வண்டி, எதையும் மறைக்கல. கம்பை எடுப்பார்னு நினைச்சேன். ஒரு கட்டையை எடுத்து நெருப்புக்குள்ள தள்ளினார். "சந்தையில சந்திலே கூட நின்னானா?"ன்னு கேட்டார். "நின்னான்"னேன். "அஞ்சும் என் மகள் உழைப்புல வந்ததுதானா?" "ஆமாம்பா." "அஞ்சும் இப்ப அவன் பட்டியில நிக்குதா?" "நிக்குது. எங்கயும் போகாது." அவர் எழுந்து கம்பளியை உதறிப் போத்திக்கிட்டார். "அப்ப முடிஞ்சுது. அவன் மாட்டை அவனுக்குத் திருப்பிக் குடுத்துட்டோம்"னார்.

நம்ம வழக்கத்தை உனக்கு நான் விளக்க வேண்டியதில்ல. பரிசமா வாங்கின மாட்டைப் பொண்ணு வீடு திருப்பிக் குடுத்துட்டா கல்யாணம் முடிஞ்சுது. பிள்ளை இருந்தா அதுக்குன்னு ஒரு மாட்டைக் கழிச்சுப்பாங்க. நமக்குப் பிள்ளை இல்ல, கழிக்க ஒண்ணும் இல்ல. நீ குடுத்தது அஞ்சு. உன் பட்டியில நிக்கறதும் அஞ்சு. உங்கம்மா இதுக்காவது சந்தோஷப்படட்டும்.

வெள்ளிக்கிழமை எங்க ஆளுங்க ரெண்டு பேர் உங்க ஊர்த்தலைவர்கிட்ட வந்து இதைச் சொல்வாங்க. சந்திலேயும் கூட வருவான். நான் வாங்கின மாடுன்னு நீ எழுந்து சொல்லலாம். எதை வித்து வாங்கினேன்னு கேப்பாங்க. என்ன சொல்றதுன்னு இப்பவே யோசிச்சு வச்சுக்கோ. உன் பட்டிக் கதவுகிட்ட உக்காந்து பேர் சொல்லிக் கூப்பிட்டாங்களே பெரியவங்க, அவங்களும் இருப்பாங்க.

வேற ஒருத்தன்கிட்ட பத்தாக் கேக்கலாம்னு அப்பா மெதுவா ஒரு பேச்செடுத்தார். என்னை வச்சு இனிமே யாரும் மாடு எண்ண வேண்டாம்னு சொல்லிட்டேன். புகைக்குழாயை எடுத்துக்கிட்டு வெளிய போயிட்டார். ஆத்துக்கு அந்தப் பக்கம் எனக்குன்னு ஒரு குடிசை போட்டுக்கப் போறேன். மழை வந்ததும் விதைக்கணும்.

உண்மையைச் சொல்றேன், கேட்டுக்கோ. நீ மரத்தை வெட்டினே, பொய் சொன்னே, எல்லாத்தையும் மன்னிச்சேன். ஒரே ஒரு மாட்டோட நீ அந்தப் பாதையில வந்திருந்தாலும் ஓடி வந்து உன் காலைப் பிடிச்சிருப்பேன். ஜூன் மாசம் பூரா குளிர்ல நின்னேன். அப்ப நீ புள்ளி மாட்டைத் தடவிக்கிட்டு இருந்தே.

வளைஞ்ச கொம்புக்கு என் பேரை எடுத்துடு.

கன்னு போட்டா உனக்கே. அது உன் சொத்து. நான் இல்லை.

தோபேகா